கவிச்செம்மல் பட்டம் கிலோ என்ன விலை?

வாரம் ஒரு அழைப்பாவது வாட்ஸ்அப்பில் வந்துடுது. நூறு கவிஞர்கள் இணையும் மாபெரும் தொகுப்பு நூலாம். ஐ.எஸ்.பி.என். உண்டு, சான்றிதழ் உண்டு, கேடயம் உண்டு, பொன்னாடை உண்டு. கடைசி வரியில் ஜிபே நம்பரும் உண்டு. தொகை 1,200 ரூபாய். கவிதை நல்லா இருக்கணும்னு மட்டும் எங்கேயும் சொல்லலை. இருபது வரிக்கு மேல போகக்கூடாது, அம்புட்டுதான்.

எங்க எரியோடு, வேடசந்தூர் பக்கம் நூல் மில்லை நம்பித்தான் நிறையப் பேருக்குப் பொழப்பு. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து நோட்டில் நாலு வரி எழுதி வைக்கிற பசங்க இங்கே உண்டு. அப்படி ஒரு தம்பி போன வருசம் பணம் கட்டினான். புத்தகம் வந்துச்சு, அவன் பேரிலேயே எழுத்துப்பிழையோட. ஒரு பிரதிதான் இலவசம். அம்மாவுக்கு, வாத்தியாருக்கு, கூட்டாளிக்குன்னு இன்னும் அஞ்சு காசு கொடுத்து வாங்கினான். நூறு பேர் எழுதி, அதே நூறு பேர் செலவு பண்ணி, அதே நூறு பேர் வாங்குற புத்தகம். இதுல வாசகன் எங்கே மக்கா?

முதல்ல ஒரு விசயம். இந்தியாவில் ஐ.எஸ்.பி.என். இலவசம். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான முகமை தருது. அது புத்தகத்தின் அடையாள எண், தரச்சான்று இல்லை. ரேஷன் கார்டு நம்பர் இருக்கிறவன் எல்லாம் யோக்கியன்னு சொல்வோமா?

அடுத்து வெளியீட்டு விழாக் கவியரங்கம். தலைமைக் கவிஞர் ஒவ்வொருத்தரையும் பாரதிக்கு அடுத்த ஆளுன்னு அறிமுகப்படுத்துவார். ஆறாவது ஆள் வாசிக்கும்போது, முதல் ஆள் பொன்னாடையை மடிச்சுப் பையில் வச்சுக்கிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போயிருப்பார். கேட்க வந்தவர்னு யாரும் இல்லை, எல்லாரும் வாசிக்க வந்தவங்க.

சிகாகோவில் மார்க் ஸ்மித்னு ஒரு கட்டடத் தொழிலாளி 1980களில் 'பொயட்ரி ஸ்லாம்' ஆரம்பிச்சார். கூட்டத்தில் இருந்தே அஞ்சு பேரைப் பிடிச்சு மார்க் போடச் சொல்வாங்க. அதிகமானதையும் குறைவானதையும் தள்ளிட்டு மிச்ச மூணைக் கூட்டுவாங்க. கவிதைக்கு மார்க் போடுறது எனக்கும் பிடிக்காத சங்கதிதான். ஆனா அங்கே கேட்கிறவனுக்கு வாயும் உரிமையும் இருக்கு. நம்ம ஊரில் அவனுக்கு நாற்காலி மட்டும்தான், அதுவும் காலி.

அமெரிக்கா வரைக்கும் போகவே வேணாம். நம்ம வத்தலக்குண்டில் வளர்ந்தவர்தான் சி.சு. செல்லப்பா. 1959-ல் 'எழுத்து' ஆரம்பிச்சு 1970 வரை நடத்தினார். அதில் வந்த புதுக்கவிதைகளில் இருந்து பொறுக்கி 1962-ல் 'புதுக்குரல்கள்' போட்டார். 24 பேர், 63 கவிதைகள். பொறுக்கினது ஆசிரியர், ஜிபே இல்லை. புத்தகக் கட்டைத் தானே சுமந்துக்கிட்டுக் கல்லூரி கல்லூரியாப் போய் வித்தார். சிற்றிதழ்னா அதுதான் சாமி. ஒருத்தர் பொறுப்பாத் தேர்ந்தெடுப்பார், வேணாம்னா வேணாம்னு சொல்வார், தேர்ந்ததை வாசகன் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோவார். எதையுமே திருப்பி அனுப்பாத பதிப்பகத்துக்குப் பேரு பதிப்பகம் இல்லை, ஜெராக்ஸ் கடை.

"ஏண்ணே, ஏழைப் பசங்களுக்கு இதுவாச்சும் ஒரு வாய்ப்புதானே"ன்னு கேட்பீங்க. தம்பி, பணம் கட்டினா கிடைக்கிறது வாய்ப்பா? அது வியாபாரம். பணம் இல்லாதவனைத்தான் இது முதல்ல வெளியே தள்ளுது. பணம் கட்டினவனுக்கும் நஷ்டம் காசோட போகலை. மூணாவது வரி சொதப்புது, அதை வெட்டுடான்னு சொல்ல ஆளே இல்லாம, 'கவிச்செம்மல்' பட்டத்தோட அவன் அங்கேயே நின்னு போறான். எனக்கு வயித்தெரிச்சல் அதுதான்.

கணக்குப் போடுங்க. ஒரு ஏ4 தாளை மடிச்சா நாலு பக்கம். ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ் போட நாலு ரூபாய்னே வச்சாலும், அந்த 1,200 ரூபாயில் 300 பிரதி. நாலு பேர் சேர்ந்து, ஒருத்தர் எழுதினதை மத்த மூணு பேர் இரக்கமில்லாம வெட்டி, மிஞ்சினதை அச்சடிச்சு, அஞ்சு ரூபாய்னு டீக்கடையில் நீட்டுங்க. ஒருத்தன் படிச்சுட்டு "புரியலையேப்பா"ன்னு சொன்னா, அவன்தான் உங்க முதல் வாசகன்.

பொன்னாடை வேணும்னா திண்டுக்கல்லில் ஜவுளிக்கடைக்கா பஞ்சம்? நாமளே வாங்கிப் போர்த்திக்கலாம், மலிவாவே முடியும் :-)