ஒரே ஆள், நான்கு எழுத்துக்கூட்டல்கள்

கொழிஞ்சாம்பாறையில் பழனிச்சாமி என்று பெயரிடப்பட்ட பிள்ளையின் பெயர், தமிழ்வழிப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் அவ்வாறே எழுதப்படுகிறது. கிராம அலுவலகத்தின் மலையாள ஆவணத்தில் அது ‘பழனிஸ்வாமி’ ஆகிறது. ஆதார் மையத்தில் தட்டச்சு செய்பவர் ழகரத்துக்கு ‘எல்’ இடுவாரா, ‘இசட்எச்’ இடுவாரா என்பது அவரவர் கைப்பழக்கம். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலோ தந்தையின் தலைப்பெழுத்து, கேரள வழக்கப்படி, பெயருக்குப் பின்னால் போய் நிற்கிறது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளை நெட் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது இந்த நான்கும் ஒருவரையே குறிப்பவை என மெய்ப்பிக்கும் பொறுப்பு அவர்மேல் விழுகிறது.

தேசியத் தேர்வு முகமையின் விதி எளிமையானது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி பெயரைப் பதிய வேண்டும். தேர்வு நாளில் புகைப்படத்துடன் கூடிய அசல் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அதிலுள்ள பெயர் நுழைவுச்சீட்டுடன் பொருந்த வேண்டும். நகலோ கைப்பேசியில் உள்ள படமோ செல்லாது. திருமணத்தால் பெயர் மாறியிருந்தால் அதற்குரிய சான்றைக் காட்டலாம். இல்லறம் புகுந்ததால் மாறும் பெயரை விதி அறிந்திருக்கிறது. ஓர் எழுத்துமுறையிலிருந்து இன்னொன்றுக்குப் புகுந்ததால் மாறும் பெயரை அறியவில்லை.

இதனை எழுத்தர்களின் கவனக்குறைவு என்று ஒதுக்குவது மொழியியல் அறியாத பேச்சு. தமிழ் நெடுங்கணக்கில் ககரம் ஒன்றே. சொல்லில் அது நிற்கும் இடம் ஒலிப்பைத் தீர்மானிக்கிறது. மலையாளத்தில் ககர வரிசைக்கு நான்கு எழுத்துகள். கணேசன் என்ற பெயர் தமிழிலிருந்து நேராக ரோமன் எழுத்துக்குச் சென்றால் ‘கே’யில் தொடங்கலாம், மலையாளம் வழியாகச் சென்றால் ‘ஜி’யில்தான் தொடங்கும். இரண்டும் பிழையல்ல. குடும்பப்பெயரே இல்லாத ஒரு சமூகத்தின்முன் முதற்பெயர், நடுப்பெயர், கடைப்பெயர் என மூன்று கட்டங்களை நீட்டும் படிவத்தைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

ஆள்மாறாட்டத்தைத் தடுக்கத்தானே இத்தனை கெடுபிடி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கான விடை மூணாறிலிருந்து போடிமெட்டு வழியே இறங்கினால் வரும் தேனியிலேயே இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நீட் தேர்வை ஒருவருக்காக மற்றொருவர் எழுதியதும், அந்த மாணவர் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்ததும் அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்தன. அங்கே இடறியது பெயர் அன்று. நுழைவுச்சீட்டிலிருந்த முகமும் வகுப்பில் அமர்ந்திருந்த முகமும் வேறுவேறு. திட்டமிட்டு ஏமாற்றுபவர் பெயரை எழுத்துப் பிசகாமல் பொருத்திக்கொண்டுதான் வருவார். பொருந்தாத பெயருடன் வாயிலில் நடுங்கி நிற்பவர் பெரும்பாலும் உண்மையான தேர்வரே.

முகத்தைச் சரிபார்ப்பதிலும் குறை உண்டு. ஆதாரில் ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் உயிரளவைத் தரவுகளைப் புதுப்பிக்க வேண்டும். தோட்டத்து லயங்களிலிருந்து மையத்துக்குச் செல்ல ஒருநாள் கூலியை இழக்க வேண்டிய வீடுகளில் இது தள்ளிப்போவது இயல்பு. அட்டையில் குழந்தை முகமே நிற்கிறது.

பெயரைத் திருத்திக்கொள்ளலாமே என்பது அடுத்த அறிவுரை. 2026ஆம் ஆண்டின் ஜே.இ.இ. முதன்மைத் தேர்வுக்கு முன்னதாக, பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு ஏற்ப ஆதாரைத் திருத்துமாறு முகமையே அறிவுறுத்தியது. ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இருமுறைதான் மாற்றலாம். முதல் திருத்தத்திலேயே புதுப்பிழை புகுந்தால் எஞ்சுவது ஒரே வாய்ப்பு. கேரளக் கிராம அலுவலகங்கள் ‘ஒன் அண்ட் சேம்’ சான்றிதழ் என ஒன்றை வழங்குகின்றன: இவ்விரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என அரசு அலுவலர் ஒப்பமிட்டுத் தருவது. இச்சிக்கலுக்கென்றே பிறந்தது போன்ற ஆவணம். தேர்வு வாயிலில் ஏற்கப்படும் அடையாளச் சான்றுகளின் பட்டியலில் மட்டும் அதற்கு இடமில்லை.

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தில் நின்றன. சிறுபான்மைப் பகுதிகளில் தமிழரும் கன்னடரும் அரசு அலுவலகங்களுடன் தம் மொழியிலேயே எழுத்துத் தொடர்பு கொள்ளலாம் என 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் கூறுகிறது. விண்ணப்பத்தைத் தமிழில் எழுதும் உரிமை உண்டு. அதன் அடியில் கையெழுத்திடும் பெயருக்கு மட்டும் தமிழ் வடிவம் எந்த அட்டையிலும் இல்லை என்பது விந்தையான நிலை. ஆதாரில் வட்டார மொழிக்கென உள்ள வரியும் இங்கே பெரும்பாலும் மலையாளத்தில்தான் அச்சாகிறது.

செய்யக்கூடியவை பெரியவை அல்ல. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன் பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கும் கட்டத்தில், எல்லைப் பகுதிப் பள்ளிகளில், பெயரின் தமிழ் வடிவத்தையும் பெற்றோரிடம் காட்டி ஒப்பம் பெறலாம். ரோமன் வடிவம் அதிலிருந்து நேரடியாக எழுதப்படட்டும். தேர்வு முகமை தன் பட்டியலில் ‘ஒன் அண்ட் சேம்’ சான்றிதழைத் துணை ஆவணமாகச் சேர்க்கலாம். திருமணச் சான்றுக்கு ஏற்கெனவே உள்ள பத்தியில் ஒரு வரி கூடும், அவ்வளவே. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் மொழியியல் துறைகளும் எழுத்துப்பெயர்ப்பு பற்றி எத்தனையோ கருத்தரங்குகளை நடத்தியுள்ளன. வட்டாரப் பெயர்களுக்கான மாற்று எழுத்துக்கூட்டல் அட்டவணை ஒன்றைத் தயாரித்துத் தேர்வுக் கண்காணிப்பாளர்களின் கையில் சேர்ப்பது அத்துறைகளுக்கு ஒரு பருவத்துக்குரிய வேலைதான்.