விடுகைப் பத்திரம்

இந்த வாரம் வந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகம். இலங்கையிலிருந்து கடல் தாண்டி வந்து மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கும் ஒரு பாட்டி, பேரனைச் சேர்க்க வந்திருந்தார். "டி.சி. எங்கேம்மா?" என்றார் எழுத்தர். பாட்டிக்குப் புரியவில்லை. "மாற்றுச் சான்றிதழ்" என்று பொறுமையாகவே விளக்கினார். அதுவும் புரியவில்லை. "இல்லை ஐயா" என்று சொல்லிவிட்டுப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வேப்பமரத்தடியில் அவரிடம் பேச்சுக்கொடுத்தபோதுதான் தெரிந்தது. பைக்குள் பாலித்தீன் உறையில் நாலாக மடித்த ஒரு தாள் வைத்திருந்தார். படகில் நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாராம். எடுத்துக் காட்டினார். பாடசாலை விடுகைப் பத்திரம். எழுத்தர் கேட்டது அதைத்தான்!

டி.சி. கேட்டுப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவது பற்றி இந்தப் பத்தியில் பலமுறை எழுதிவிட்டேன். இன்னும் எழுதுவேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்று சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது (பிரிவு 5). வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது (பிரிவு 14). 6 முதல் 14 வயது வரை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கல்வி உரிமை உண்டு என்கிறது சட்டம். குடிமகனின் குழந்தை என்று சொல்லவில்லை, குழந்தை என்றுதான் சொல்கிறது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. அப்படிப்பட்ட நாட்டில், அகதிப் பிள்ளைக்குக் "குழந்தை" என்ற இந்த ஒரு சொல்லைவிடப் பெரிய பிடிமானம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது சட்டம் அல்ல, மாற்றுச் சான்றிதழ், விடுகைப் பத்திரம் என்ற அந்த இரண்டு சொற்கள். இரண்டுமே தமிழ்.

பையனிடம் பேசினேன். அவன் நாலாம் "தரம்" படித்தவன். அங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும், இங்கே ஜூனில். அவன் தலைமையாசிரியரை "அதிபர்" என்கிறான், நோட்டைக் "கொப்பி" என்கிறான், பரீட்சையைச் "சோதினை" என்கிறான். "ஆமாம்" என்பதற்கு அவனிடம் உள்ள சொல் "ஓம்". இவனுக்கு முன்பே முகாமிலிருந்து இங்கே சேர்ந்த ஒரு சிறுமியின் தாய் சொன்னார். ஆசிரியர் வருகைப் பதிவு எடுக்கும்போது மகள் "ஓம்" என்றாளாம். வகுப்பே சிரித்ததாம். அதன் பிறகு அவள் வகுப்பில் வாயே திறப்பதில்லை. ஆசிரியர் அவளைப் படிப்பில் மந்தம் என்று எழுதிவைத்துவிட்டார்.

சிரித்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் மேசையில் எப்போதும் வின்சுலோவின் தமிழ் அகராதி கிடக்கும். 1862இல் சென்னையில் அச்சானது, அறுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அந்த வேலை தொடங்கிய இடம் யாழ்ப்பாணம். ஜோசப் நைட் என்ற பாதிரியார் அங்கே சொற்களைச் சேர்க்கத் தொடங்கினார். உடுவிலில் பல ஆண்டுகள் இருந்த மைரன் வின்சுலோ பின்னாளில் அதை முடித்தார். அதற்கும் இருபது ஆண்டுகள் முன்பே, 1842இல், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஓர் அகராதி அச்சாகிவிட்டது. நல்லூர்க்காரர் ஆறுமுக நாவலர் 1864இல் நம் சிதம்பரத்துக்கு வந்து பள்ளிக்கூடம் திறந்தார். அந்தக் கரையிலிருந்து வந்த ஒருவர் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டினார். அதே கரையிலிருந்து வந்த ஒரு பிள்ளை நம் பள்ளிக்கூடத்தில் "ஓம்" என்று சொல்லப் பயந்து உட்கார்ந்திருக்கிறாள். இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

பாடநூல், சீருடை, காலை உணவு, மதிய உணவு எல்லாம் அரசு தருகிறது. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடு ஆண்டில் பத்துப் பிள்ளைகள் புதிதாக வந்து சேரும் பள்ளிக்கு ஓர் ஆசிரியர் கூடுதலாக வேண்டும். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்ட பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தரவேண்டும் என்று அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. இருக்கிற ஐந்தாம் வகுப்பு டீச்சரே அதையும் பார்த்துக்கொள்ளட்டும் என்றால் எப்படி? முகாமிலேயே பிறந்து, படித்து, பட்டம் வாங்கிய இளைஞர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இரண்டு கரைச் சொல்லும் அவர்கள் காதில் இருக்கிறது. அவர்களில் ஒருவரை ஊதியம் கொடுத்து அந்த வகுப்பில் உட்காரவைக்கக் கூடாதா? டி.சி. எது, விடுகைப் பத்திரம் எது என்று எழுத்தருக்கும் அவரே சொல்லிவிடுவார்.

பாட்டியை மறுபடி உள்ளே கூட்டிப்போனேன். தாளை வாசித்த எழுத்தர் எழுந்து நின்று, "இதை முதல்லயே காட்டியிருக்கலாமேம்மா" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. பையன் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்துவிட்டான்.

நேற்று இரவு பாட்டி போன் செய்தார். "தம்பி, நாளைக்கு ரஃப் நோட்டு கொண்டுவரச் சொன்னவையாம். ரஃப் நோட்டு எண்டால் என்ன?"

"கொப்பிதான் அம்மா. கணக்குப் போட்டுப் பார்க்கிற கொப்பி."

"ஓம், ஓம்" என்றார்.