பாட்டை மூட்டை கட்டச் சொல்கிறவர்களுக்கு

சட்டம் படிக்கிற பையன் பாட்டுக் கேட்டால் பரவாயில்லையாம். பாட்டுக் கற்றுக்கொண்டால்தான் குற்றமாம். ஆழ்வார்திருநகரியில் இதை எனக்குச் சொல்லாத ஆள் குறைவு. "ஏலே, கோர்ட்டுல போயி ஆலாபனையா பண்ணப் போற?" என்பார் பெரியப்பா. மாமா கொஞ்சம் நயமாகச் சொல்லுவார்: "மொதல்ல என்ரோல் பண்ணு. பொறவு பாட்டு எங்க ஓடிரப் போவுது?" இன்டர்ன்ஷிப் போன இடத்தில் நான் மேசை ஓரத்தில் விரலால் தாளம் போட்டதைப் பார்த்துவிட்டு ஒரு சீனியர் வக்கீல், "தம்பி, ரெண்டு குதிரையில ஏறுனவன் ரெண்டுலருந்தும் விழுவான்" என்றார்.

இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதிவிடுகிறேன். நீங்கள் சொல்வது தப்பு. என் நல்லதுக்குத்தான் சொல்கிறீர்கள், தெரியும். அதனால் தப்பு சரியாகிவிடாது.

முதலில் பிழைப்பு. வக்கீலாகப் பதிந்துவிட்டால் வேறு எதையும் தொடக்கூடாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதிகளில் 49, முழுநேரச் சம்பள வேலையைத் தடுக்கிறது. சரி. ஆனால் 51-ஆம் விதியையும் வாசியுங்கள். ஒலிபரப்பு, பத்திரிகை எழுத்து, சொற்பொழிவு, சட்டம் சார்ந்ததோ சாராததோ பாடம் கற்பிப்பது, இதெல்லாம் வக்கீல் செய்யலாம் என்கிறது. சாயங்காலம் நாலு பிள்ளைகளுக்கு சரளி வரிசை சொல்லிக்கொடுத்தால் கறுப்புக் கோட்டு கழன்று விழாது. இந்த விஷயம் இதோடு முடிந்தது.

அடுத்து குதிரைக் கதை. தாமிரபரணியில் எங்களுக்கு மேலே இருக்கிற கல்லிடைக்குறிச்சியில் 1897-இல் பிறந்தவர் இ. கிருஷ்ணய்யர். சென்னையில் சட்டம் படித்து வக்கீலானவர். சதிரைத் தானே கற்றுக்கொண்டு, பெண் வேடம் போட்டு மேடையில் ஆடினார். மியூசிக் அகாடமியின் செயலாளராக இருந்தார். சதிரே கூடாது என்ற குரல் ஓங்கியிருந்த 1932-இல் முத்துலட்சுமி ரெட்டியோடு பத்திரிகையில் நேருக்கு நேர் மல்லுக்கட்டினார். இன்னொருவர் டி.எல். வெங்கடராம ஐயர். எட்டயபுரம் சுப்பராம தீட்சிதரின் மகன் அம்பி தீட்சிதரிடம் முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகளைப் பாடம் கேட்டவர். டி.கே. பட்டம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். 1954 முதல் 1958 வரை உச்ச நீதிமன்ற நீதிபதி. இவர் எந்தக் குதிரையிலிருந்து விழுந்தார்?

ஆனால் "பெரிய மனுசங்களும் பாடியிருக்காங்க" என்று சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. கிருஷ்ணய்யரைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. வக்கீலுக்கே உரிய வாதத்திறமையோடு அவர் கலைக்காக வாதாடினார். கலை ஜெயித்தது. பரதநாட்டியம் என்று புதுப்பெயரோடு சபாக்களில் ஏறியது. தலைமுறை தலைமுறையாக அதை ஆடிவந்த பெண்கள்? 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிந்ததில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் ஆட்டத்தின் மேல் அந்தக் குடும்பங்களுக்கு இருந்த பாத்தியதையை எந்தச் சட்டமும் எழுதிவைக்கவில்லை, மேடை வேறு வீட்டுப் பெண்களுக்குப் போனது. வழக்கு ஜெயித்தது, கட்சிக்காரர் தோற்றார். பாட்டை நேசிக்கிற வக்கீல் பாட்டுக்காக மட்டும் வாதாடினால் இப்படித்தான் ஆகும். பாடுகிறவருக்காகவும் வாதாட வேண்டும். அதற்குப் பாட்டு எப்படி உண்டாகிறது என்று உள்ளேயிருந்து தெரிந்திருக்க வேண்டும்.

தெரியாதவர்கள் எழுதிய சட்டம் என்ன லட்சணத்தில் இருந்தது என்று பார்ப்போம்.

காலையில் திருச்செந்தூரிலிருந்து வரும் பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்தால் ஸ்ரீவைகுண்டம், செய்துங்கநல்லூர், பாளையங்கோட்டை தாண்டித் திருநெல்வேலி. ஒரு காதில் இயர்போன், மடியில் பேர் ஆக்ட். எனக்குப் படிப்பே அந்த வண்டியில்தான் நடக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 1957-ஐ அப்படித்தான் பிரிவு பிரிவாக வாசித்தேன். அதில் பிரிவு 2(பி), 'இசைப் படைப்பு' என்றால் என்ன என்பதற்கான வரையறை. 1994-இல் திருத்துவதற்கு முன்னால் இருந்த வாசகத்தின் சாரம் இது: மெலடி, ஹார்மனி இரண்டின் சேர்க்கையோ இரண்டில் ஒன்றோ, அச்சிடப்பட்டிருக்க வேண்டும், எழுதப்பட்டிருக்க வேண்டும், அல்லது வேறு ஏதாவது வரைவடிவத்தில் இருக்க வேண்டும்.

அதாவது எழுதினால்தான் இசை. பாடினால் இல்லை.

இதை ஆழ்வார்திருநகரிக்காரன் ஒருவன் வாசித்தால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? எங்கள் ஊரின் பெருமையே எழுத்தில் கிடைக்காத பாட்டைப் பற்றிய கதைதான். ஆழ்வாரின் பாசுரங்களைத் தேடி நாதமுனிகள் குருகூருக்கு வந்தார், ஏடு அகப்படவில்லை, புளியமரத்தடியில் உட்கார்ந்து 12,000 முறை மதுரகவியின் பிரபந்தத்தை ஓத, ஆழ்வாரே நாலாயிரத்தையும் அருளினார் என்பது ஐதீகம். அதை இசையில் அமைத்து மருமக்களுக்குச் சொல்லிவைத்தார் என்றும் சொல்வார்கள். அந்த மரபில் வரும் அரையர் சேவை தமிழ்நாட்டில் ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், எங்கள் ஊர் ஆகிய மூன்று இடங்களில் நடக்கிறது. தாத்தா வாயிலிருந்து பேரன் காதுக்குப் போகிற வித்தை. 1957-ஆம் வருடத்துச் சட்டத்தின் முன்னால் நாதமுனிகள் நின்றிருந்தால், "நொட்டேஷன் கொண்டுவந்தீரா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கும்.

இது வெறும் வார்த்தைச் சிக்கல் இல்லை. காருகுறிச்சி அருணாசலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் இதே ஆற்றங்கரைக்காரர். 1921-இல் பிறந்து 1964-இல், நாற்பத்துமூன்று வயதில், போய்விட்டார். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாதஸ்வரம் வாசித்த 'சிங்கார வேலனே' பாட்டு தெரியாத ஆள் தமிழ்நாட்டில் உண்டா? குரல் ஒன்று சொல்ல, நாதஸ்வரம் அதை வாங்கித் திருப்பித் தருகிறதே, அந்த இடத்தைக் கேட்டவர்கள் சொல்லட்டும், அது யாருடையது என்று. அன்றைய சட்டத்தில் வரிக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு, மெட்டுக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு, படத்துக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. அந்த மூச்சுக்கு இல்லை. நிகழ்த்துநர் என்று ஒரு ஜாதியே 1957-ஆம் வருடத்துச் சட்டத்துக்குத் தெரியாது.

1977-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிவுக்கு வந்தது, ஐ.பி.ஆர்.எஸ்ஸுக்கும் படத் தயாரிப்பாளர்களுக்கும் நடுவே. காசு கொடுத்து இசையமைக்கச் சொன்ன தயாரிப்பாளரே, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமையாளர் என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்போடு ஒத்துப்போன நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் (இவர் வேறு கிருஷ்ணய்யர்) தனியாக ஒரு குறிப்பு எழுதினார். மெட்டை அமைப்பவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது, உயிரைக் கொடுத்துப் பாடுகிறவருக்கு இல்லை, இது நம் இசைக்குப் பொருந்தாத சட்டம், நாடாளுமன்றம் கவனிக்கட்டும் என்பது அதன் சாரம். பெஞ்சில் இருந்த ஒருவருக்குக் காது இருந்ததால் வந்த குறிப்பு அது. நாடாளுமன்றம் கவனிக்கப் பதினேழு வருடம் ஆனது.

1994 திருத்தம் எழுத்து நிபந்தனையை எடுத்தது. பிரிவு 38-இல் நிகழ்த்துநர் உரிமை வந்தது. (யார் நிகழ்த்துநர் என்ற பட்டியலில் பாடகர், வாத்தியக்காரர், நடனக்காரர் இவர்களோடு கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும் இருக்கிறார்கள். நாதஸ்வரத்தில் மகுடி வாசிப்பவர் எந்த வரியில் நிற்பார் என்று வண்டியில் யோசித்துக்கொண்டே ஸ்டேஷனைத் தவறவிடப் பார்த்தேன்.) அதிலும் ஓர் ஓட்டை. சினிமாவில் வாசிக்கச் சம்மதித்துவிட்டால் அந்த உரிமை அங்கேயே முடிந்தது. 2012 திருத்தத்தில்தான், வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி உண்டு என்று அதில் ஒரு துண்டு ஒட்டினார்கள்.

சரி, பழைய கதை என்பீர்கள். 2025-க்கு வருவோம். 'பொன்னியின் செல்வன் 2' படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'வீரா ராஜ வீரா', தாகர் குடும்பத்தின் 'சிவ ஸ்துதி' துருபத்திலிருந்து எடுத்தது என்று வழக்கு. ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தாகர் தரப்புக்கு ஆதரவாக இடைக்கால உத்தரவு போட்டார். செப்டம்பரில் இரு நீதிபதி அமர்வு அதை ரத்து செய்தது. பாடியவர் என்பதாலேயே படைத்தவர் என்று ஆகிவிடாது என்பது அந்த அமர்வின் பார்வை. சட்டப்படி பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நம் இசையில் அந்தக் கோட்டை எங்கே கிழிப்பீர்கள்? ஒரு மணி நேரம் தோடி வாசிக்கிறவர் படைக்கிறாரா, நிகழ்த்துகிறாரா? ராகம் எல்லோருக்கும் பொது, பிடி அவருடையது. இதைப் பிரித்துச் சொல்ல பேர் ஆக்ட் போதாது. ராகத்தில் கொஞ்சம் அலைந்திருக்க வேண்டும். நீங்கள் என்னை மூட்டை கட்டச் சொல்வது அந்த அலைச்சலைத்தான்.

எங்கள் ஆதிநாதர் கோவிலில் கல்லில் செய்த நாதஸ்வரம் ஒன்று இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதைப் பற்றி ஆசையாக விசாரிப்பார்கள். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கல்லுக்கு மரியாதை, மரத்துக்குக் குறியீடு. சீவாளியில் வாய் வைக்கிறவரை யாரும் விசாரிக்கக் காணோம்.

போன தை மாதம் பக்கத்து ஊர்க் கல்யாணம் ஒன்றில், எனக்குத் தெரிந்த நாதஸ்வர அண்ணாச்சி காபி ராகத்தை இழைத்துக்கொண்டிருந்தார். பந்திக்குப் போனவர்கள்கூடத் திரும்பி வந்து நின்றார்கள். வீடியோ எடுத்தவர் அந்த நாலு நிமிடத்தை வெட்டித் தன் சேனலில் போட்டார். விளம்பரம் ஓடியது, லைக் குவிந்தது. தலைப்பில் ஸ்டூடியோ பெயர், மாப்பிள்ளை பெண் பெயர், மண்டபத்தின் பெயர்கூட இருந்தது. வாசித்தவர் பெயர் இல்லை. கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டு வாசிப்பதற்கு பிரிவு 52 விலக்குத் தருகிறது. அந்த வாசிப்பைப் பிடித்துக் காசாக்குவதற்கு அது விலக்குத் தரவில்லை. பதிவு செய்து பரப்புவதற்கான உரிமை 38ஏ-யின்படி வாசித்தவருடையது. அவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்று கேட்கிற உரிமை 38பி. ஒரு நாலு நிமிட வீடியோவில் ரெண்டு பிரிவும் மீறப்பட்டிருக்கிறது.

நான் ஒரு பக்கத்தில், தமிழில், ஒரு ஒப்பந்தத் தாள் எழுதினேன். வீட்டு ஆல்பத்துக்கு வீடியோ எடுக்கலாம், பொதுவில் போட்டால் நாதஸ்வரம், தவில் இருவர் பெயரும் வர வேண்டும், விளம்பரக் காசு வந்தால் இத்தனை பங்கு. அவ்வளவுதான். அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டு முழுசும் வாசித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க தம்பி. இதக் கொண்டு நான் நீட்டுனா அடுத்த முகூர்த்தத்துக்கு வேற செட்டக் கூப்பிட்டுருவாவ."

அவர் சொல்வது நிஜம். நூறு நாள் முகூர்த்தத்தை நம்பி வருடத்தை ஓட்டுகிறவர் கையில் கொடுத்து உரிமையை நிலைநாட்டு என்று சொல்வது எனக்குச் சுலபம். ஆகவே தாளை நீட்ட வேண்டியது அவர் இல்லை. கேமராவோடு வருகிறவர் அட்வான்ஸ் வாங்கும்போதே அதில் கையெழுத்துப் போட வேண்டும், அதைக் கேட்க வேண்டியது கல்யாண வீட்டார். பெரியப்பா, உங்கள் மகள் கல்யாணம் வருகிற ஆவணியில். வீடியோக்காரரிடம் நீங்கள் பேசுகிற அன்றைக்கு அந்தத் தாளோடு நான் வருவேன்.