வில்லுக்கத்தியை அளப்பது யார்?

எங்கள் ஊர்களில் வில்லுக்கத்தி ஆயுதமல்ல. மாங்காய் சீவவும் உரப்பையின் வாயைப் பிரிக்கவும் கயிறு அறுக்கவும் சேட்டுப் பொக்கற்றில் கிடக்கும் சாமான். வீதியில் மறிக்கப்படும்போதுதான் அது ஆயுதமாகிறது.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின், வாள்களையும் கத்திகளையும் ஒப்படைக்குமாறு பொலிஸார் அறிவித்தனர். அன்றாட வேலைக்கான கத்திகளுக்கு விலக்கு உண்டு என்றனர். ஆனால் எது அன்றாட வேலைக்குரியது? வாசலில் நிற்கும் சீருடைக்காரர்தான் அதைத் தீர்மானிப்பார் என்றால், கத்தி அளக்கப்படாது. வைத்திருப்பவரின் பெயரும் மொழியுமே அளக்கப்படும். அன்று அந்தச் சந்தேகம் முஸ்லிம் அயலவர்கள் மீது விழுந்தது. அதன் பாரம் எங்களுக்குத் தெரியாததல்ல.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, 3 அங்குலத்துக்கு மேற்படாத, விரித்தபின் பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்தியைப் பொது இடத்தில் காரணம் சொல்லாமலே வைத்திருக்கலாம். அங்கும் கறுப்பினத்தவர்களே கூடுதலாக மறிக்கப்படுகிறார்கள். ஆனாலும் நீதிமன்றில் காட்டி வாதாட ஓர் அளவு எழுத்தில் இருக்கிறது.

வாள்வெட்டுகளைத் தடுக்கச் சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மறிப்பவருக்கும் மறிக்கப்படுபவருக்கும் விளங்கும் ஒரே அளவு, தமிழிலும் எழுதப்பட்டு, சாவடியிலேயே தொங்க வேண்டும் என்கிறேன். தோட்டத்துக்குப் போகிறவர் தன் கத்திக்காகக் கெஞ்சி நிற்கக் கூடாது.