மன்னிப்பும் எல்லைக்கல்லும்

எங்கள் பக்கத்தில் நடக்கிற சண்டையில் பாதி வரப்புச் சண்டைதான். பட்டணத்தில் இருக்கிற உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். நடவுக்கு முன்னால் அண்டை வெட்டும்போது மண்வெட்டியை ஒரு விரக்கடை தள்ளிப் போட்டால் போதும், யாருக்கும் தெரியாது. குறுவைக்கு ஒரு விரக்கடை, தாளடிக்கு ஒரு விரக்கடை. பதினைந்து வருஷத்தில் வரப்பு தானாக நடந்து வந்து அடுத்தவன் வயலுக்குள் நிற்கும்.

எனக்கு இருப்பது பத்து மா, மூன்று ஏக்கர் சொச்சம். பக்கத்து வயல்காரர் என்னைவிட மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் அண்டை வெட்டுகிற லட்சணம் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. பூசையில் சாமியார் மன்னிப்பைப் பற்றிப் பேசினால் எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வரும். போகட்டும், ஆண்டவர் பார்த்துக்குவார் என்று விட்டுவிடுவேன்.

ஒருநாள் என் வீட்டுக்காரி கேட்டாள்: "நீங்க அவரை மன்னிக்கிறீங்களா, இல்ல அவர்கிட்ட பேசப் பயப்படுறீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. நிஜமாக மன்னித்திருந்தால் அவரைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்திருக்காதே! பயந்து வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு மன்னிப்பு என்று பேர் வைத்திருந்தேன்.

மறுநாளே போய், "அண்ணே, வரப்பு என் பக்கம் வந்திருக்கு" என்றேன். "ஏன் தம்பி, உன் வயலை நான் என்ன தூக்கிட்டா போயிட்டேன்?" என்று சிரித்தார். சர்வேக்குப் பணம் கட்டினேன். பிர்க்கா சர்வேயர் வரைபடத்தை வைத்து அளந்தார். இருநூறு அடி நீளத்துக்கு இரண்டடிக்கு மேல் உள்ளே வந்திருந்தது. கணக்குப் போட்டால் ஒரு சென்ட். கல் ஊன்றினோம். அந்தத் துண்டில் நின்ற பயிரை அவரையே அறுத்துக்கொள்ளச் சொன்னேன். பழைய விளைச்சலுக்குக் காசு எதுவும் கேட்கவில்லை. அப்படியும் அவர் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. என் மகள் கல்யாணத்துக்கும் வரவில்லை. அது எனக்கு வலித்தது.

"கோயிலுக்குப் போறவன் இப்படிக் கல்லு ஊனலாமா?" என்று ஊரில் கேட்டார்கள். அப்போது எனக்கு ஞாபகம் வந்தது கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாதான். 1999 ஜனவரியில் ஒடிசாவில் மனோகர்பூர் கிராமத்தில், தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்த அவர் கணவர் கிரஹாமையும், பத்து வயசும் ஆறு வயசுமான இரண்டு பிள்ளைகளையும், ஜீப்பில் தூங்கும்போது ஒரு கும்பல் உயிரோடு கொளுத்தியது. அந்த அம்மா மன்னித்தேன் என்றார். தொழுநோயாளிகளை விட்டுவிட்டு உடனே ஊருக்குப் போய்விடவும் இல்லை. ஆனால் வழக்கு அதன் பாட்டுக்கு நடந்தது. தண்டனை சட்டத்தின் வேலை என்று விட்டுவிட்டார். முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவர் துக்கத்துக்குப் பக்கத்தில் என் ஒரு சென்ட்டை வைக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஒன்று புரிந்தது. மன்னிப்பு மனசுக்குள் இருக்கிற விஷத்தை எடுக்கிறது. நடந்த தப்பைத் தப்பு இல்லை என்று அது ஆக்கிவிடாது.

கொடுக்கிற விஷயமும் இப்படித்தான். இதற்கு நம் தஞ்சாவூரிலேயே ஒரு கதை உண்டு. 1780களின் தொடக்கத்தில் ஹைதர் அலி படையெடுப்பு. கோட்டைக்குள் ஜனங்கள் பட்டினியில் சாகிறார்கள். வெளியே கிராமங்களில் நெல் இருக்கிறது, ஆனால் ஏற்றிவர மாடு தர ஆள் இல்லை. முன்னால் மாடு கொடுத்தவர்களுக்குக் கூலி போய்ச் சேரவில்லை. ராஜா சொல்லியும் ஒருவரும் அசையவில்லை. கடைசியில் சுவார்ட்ஸ் பாதிரியார், என் கையால் பணம் தருகிறேன் என்று எழுதி அனுப்பினார். சில நாளிலேயே ஆயிரம் மாடு வந்தது. எண்பதாயிரம் கலம் நெல் கோட்டைக்குள் போனது. பேசினபடி எல்லோருக்கும் பணமும் கொடுத்தார். அந்த விவசாயிகள் கல்நெஞ்சுக்காரர்கள் இல்லை. ஏமாந்தவர்கள், அவ்வளவுதான். மறுபடி நம்புவதற்கு அவர்களுக்கு ஒரு பிடிமானம் வேண்டியிருந்தது.

மன்னிப்பை ஓசியில் கொடுத்துவிடலாம். நம்பிக்கைக்குக் கணக்கு வேண்டும். இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மன்னிக்கச் சொல்லி உபதேசம் பண்ணுகிறவர் யார் என்று பாருங்கள். கூலிபாக்கி வைத்திருக்கிற மிராசுதாரர் ஆள்காரனிடம் "மனசுல வச்சுக்காதே" என்று சொன்னால் அதற்குப் பேர் கிறிஸ்தவம் இல்லை. முதலில் பாக்கியைக் கொடுக்கட்டும்.

அடுத்த வருஷம் அண்ணனின் நாற்றங்கால் தண்ணீரில் மூழ்கி அழுகிப் போனது. எனக்கு நாற்று மிச்சம் இருந்தது. பறித்துக்கொண்டு போகச் சொல்லி ஆள் அனுப்பினேன். அதற்குக் காசு வாங்கவில்லை. அப்புறம்தான் பேச்சு வந்தது. போன ஆடியில் இருபதாயிரம் கடன் கேட்டார். "பணமா வேண்டாம்ணே, விதைநெல் ரெண்டு மூட்டை தர்றேன், தையில திருப்பிக் குடுங்க" என்று சொல்லி, நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன்.

தையில் ஒரு மூட்டை வந்தது. இன்னொன்றைக் கேட்கத்தான் போகிறேன். இந்தத் தடவை வயிறு எரியவில்லை.