வினாக் கணிப்பு: எல்லைத் தமிழ் மாணவர்களுக்கு எட்டாத வசதி

புதுதில்லி: மார்ச் மாதம் நெருங்கும்போது கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு எழுதும் மாணவர்களிடையே எழும் கேள்வி, எந்தப் பாடத்திலிருந்து எந்த வினா வரும் என்பதே. இதற்கு விடை சொல்வதைத் தனிப்பயிற்சி நிலையங்களும் யூடியூப் சேனல்களும் தனித் தொழிலாகவே வளர்த்துவிட்டன. ஆனால், பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்திலும் இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் தமிழ்வழியில் பயிலும் மாணவர்கள் இதில் வெறும் பார்வையாளர்களாகவே உள்ளனர்.

கேரள அரசு வினாத்தாளை மலையாளம், ஆங்கிலத்துடன் தமிழ், கன்னடத்திலும் அச்சிட்டு வழங்குகிறது. தேர்வறைக்குள் மொழிச் சிக்கல் இல்லை; சிக்கல் தேர்வறைக்கு வெளியேதான். கணிப்புகள் பெரும்பாலும் மலையாளத்தில் வெளிவருகின்றன. சில பள்ளிகளில் மட்டுமே உள்ள தமிழ்வழி மாணவர்களுக்காகக் கையேடு அச்சிட எந்தப் பதிப்பாளருக்கும் லாபம் இல்லை.

எல்லையைத் தாண்டினால் பொள்ளாச்சியிலும் போடியிலும் தமிழ்க் கையேடுகள் குவிந்து கிடக்கின்றனவே என்று கேட்கலாம். அவை தமிழகப் பாடத்திட்டத்துக்கு உரியவை. தமிழகத்தில் அறிவியல் ஒரே தாள். கேரளத்தில் இயற்பியல், வேதியியல், உயிரியல் என மூன்று தனித் தாள்கள், ஒவ்வொன்றும் 40 மதிப்பெண்ணுக்கு. தமிழக அரசுப் பாடத்திட்டத்தில் கட்டாயமில்லாத ஹிந்திக்கும் அங்கே தேர்வு உண்டு. மொழி ஒன்றாக இருந்தும் கையேடு உதவாது.

வினாவைக் கணிக்க மாணவர்களைப் பழக்கியதில் அரசுக்கும் பங்கு உண்டு. கரோனா காலத்தில், 2021-இல், "ஃபோகஸ் ஏரியா" என்ற பெயரில் முக்கியப் பாடப்பகுதிகளை அரசே அறிவித்தது. விடையளிக்க வேண்டியதைவிடக் கூடுதலான வினாக்களும் தரப்பட்டன. அவ்வாண்டு எல்லாப் பாடங்களிலும் ஏ பிளஸ் பெற்றவர்கள் 1,21,318 பேர். அடுத்த ஆண்டு 30 சதவீத வினாக்கள் அப்பகுதிக்கு வெளியிலிருந்து கேட்கப்பட்டன. எண்ணிக்கை 44,363 ஆகச் சரிந்தது. தேர்ச்சி விகிதமோ இரு ஆண்டுகளிலும் 99 சதவீதத்துக்கு மேல்தான். வினா எங்கிருந்து வரும் என்று தெரிந்திருப்பதன் விலை என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

கணிப்புக்கும் கசிவுக்கும் இடையிலான கோடும் மெலிந்து வருகிறது. 2017 மார்ச் 20-இல் நடந்த கணிதத் தேர்வின் பல வினாக்கள் ஒரு தனியார் நிறுவனத்தின் மாதிரித் தாளை ஒத்திருந்ததாகப் புகார் எழுந்தது. தேர்வு ரத்து செய்யப்பட்டு, சுமார் நாலரை லட்சம் மாணவர்கள் மார்ச் 30-இல் மீண்டும் எழுத நேர்ந்தது. அந்த மாதிரித் தாளைக் கண்ணால் கூடக் காணாத மூணாறு மாணவருக்கும் அதே தண்டனை! 2024 டிசம்பரில் அரையாண்டுத் தேர்வின்போது, பத்தாம் வகுப்பு ஆங்கிலம், பிளஸ் ஒன் கணித வினாக்களை முந்தைய நாளே ஒரு யூடியூப் சேனல் "கணித்து" வெளியிட்டது. வெறும் கணிப்பே என்றது அச்சேனல் தரப்பு. குற்றப்பிரிவு போலீஸாரின் விசாரணை, வினாத்தாளைக் கசியவிட்டதாக மலப்புரத்தில் ஒரு பள்ளி ஊழியரை 2025 மார்ச்சில் கைது செய்வதில் போய் முடிந்தது.

நாடாளுமன்றம் நிறைவேற்றி 2024 ஜூன் 21-இல் அமலுக்கு வந்த தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டம் இங்கே உதவாது. மத்தியப் பணியாளர் தேர்வாணையம், ரயில்வே, வங்கிப் பணி, தேசியத் தேர்வு முகமை போன்றவற்றின் தேர்வுகளுக்கே அது பொருந்தும். மாநிலப் பள்ளித் தேர்வுகள் அதன் வரம்பில் இல்லை. சி.பி.எஸ்.இ. கையாளும் வழி ஒன்று உண்டு. மாதிரி வினாத்தாளையும் மதிப்பெண் வழங்கும் முறையையும் ஆண்டுதோறும் அதுவே வெளியிடுகிறது. வாரியமே அனைவருக்கும் ஒன்றுபோலத் தரும்போது, கணிப்பு வியாபாரிக்குப் பாதி வேலை போய்விடும். கேரளம் இதைத் தமிழிலும் கன்னடத்திலும் பருவத் தொடக்கத்திலேயே செய்தால் பெருஞ்செலவு ஒன்றும் ஆகாது.

இதில் அவசரம் இருக்கிறது. 2025-26 கல்வியாண்டில் பத்தாம் வகுப்புப் பாடநூல்கள் மாற்றப்பட்டதால், ஆசிரியர்கள் நம்பியிருந்த பழைய வினாத்தாள்களின் பயன் குறைந்துவிட்டது. 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வும் 20 மதிப்பெண் தொடர் மதிப்பீடும் கொண்ட பாடத்தில் மொத்தம் 30 பெற்றால் தேர்ச்சி என்பதே நீண்டகால முறை. தொடர் மதிப்பீட்டில் முழு மதிப்பெண் பெற்றவருக்கு எழுத்தில் 10 போதும். எழுத்துத் தேர்வில் தனியே 30 சதவீதம் வேண்டும் என 2024 ஆகஸ்டில் மாநில அமைச்சரவை முடிவெடுத்தது. எட்டாம் வகுப்பில் தொடங்கி, 2026-27-இல் பத்தாம் வகுப்புக்கு வருமாறு அது திட்டமிடப்பட்டது. அதன்படி 80-க்கு 24 மதிப்பெண்ணை மாணவர் தாமே எழுதிப் பெற வேண்டும். கொழிஞ்ஞாம்பாறையிலும் வண்டிப்பெரியாறிலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர், விவசாயக் கூலிகளின் பிள்ளைகளுக்கு அந்தக் கூடுதல் 14 மதிப்பெண்தான் பிளஸ் ஒன் வகுப்புக்கும் கூலி வேலைக்கும் இடையிலான தூரம்.