சம்பளத்தை மணிக்கணக்கில் பாருங்கள்

என் அண்ணன் பேரனுக்குச் சென்னையில் மாதம் 90,000 ரூபாய் சம்பளம். இப்போது புதுச்சேரியிலேயே 60,000 ரூபாய்க்கு ஒரு வேலை வந்திருக்கிறது. 30,000 நஷ்டம் என்கிறார்கள் வீட்டில். நான் அப்படிப் பார்க்கவில்லை.

காலமெல்லாம் குமாஸ்தாவாக இருந்தவன். கூட்டிக் கழித்துப் பார்ப்பது பழக்கம். சென்னையில் வேலையும் பயணமும் சேர்ந்து நாளுக்கு 12 மணி நேரம் போகிறது. இங்கே 8. மாதம் 24 நாள் என்று வைத்தால், இரண்டிலும் மணிக்கு ஏறத்தாழ 312 ரூபாய்தான். அவன் உழைப்பின் விலை குறையவில்லை. விற்கிற நேரம்தான் குறைகிறது.

எங்கள் ஊருக்கு எட்டு மணி நேர வேலை சும்மா வந்துவிடவில்லை. 1936 ஜூலை 30 அன்று, பிரெஞ்சு ஆட்சியில், போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அதன் பிறகுதான் அது சட்டமானது. அவர்கள் வாங்கிக் கொடுத்ததை இன்று நாமே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வீட்டுக் கடனும் பெற்றோரின் மருந்துச் செலவும் 60,000-க்குள் அடங்காது என்றால் என் கணக்கு செல்லாது. அவன் சென்னையிலேயே இருக்கட்டும். அடங்கும் என்றால் வந்துவிடட்டும். இதுதான் என் கட்சி.

பள்ளியில் நான் படித்த பிரெஞ்சில் 'கஞ்ஞே' என்றொரு வினைச்சொல் உண்டு. பணம் சம்பாதிப்பதற்கும் அதுதான். நேரத்தை மிச்சம் பிடிப்பதற்கும் அதுதான். இங்கே வந்தால் அவனுக்கு மாதம் 96 மணி நேரம் மிச்சம். அதையும் வரவில் எழுதுங்கள்.